பத்துப் பாகம் ஆழத்திலிருந்து ஒரு பதில்… தெரியுமா?

முத்துக் குளிக்க இறங்கியவன் தன் உயிர்க் கயிற்றை மேலே யார் கையில் கொடுத்தான், தெரியுமா? மச்சான் கையில்! அண்ணன் தம்பி இருந்தாலும் சரி, பெற்ற அப்பாவே படகில் இருந்தாலும் சரி, கயிறு மச்சான் பிடிக்க வேண்டியது என்று தூத்துக்குடிக் கரையில் இன்றும் சொல்வார்கள். கூடப் பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்ற பதைப்பு அவனுக்குத்தானே அதிகம்! கல்லில் கால் வைத்துப் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்கிய குளியாளி, மூச்சு முட்டும்போது கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான். அலையிலும் நீரோட்டத்திலும் கயிறு ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். அத்தனை ஆட்டத்துக்கு நடுவே, ‘இது அலை, இது ஆள்’ என்று மேலே இருப்பவனின் விரல்கள் பிரித்தறிய வேண்டும். ஒரு தடவை தப்பினால் ஒரு உயிர்!

இன்று பொறியியல் கல்லூரிகளில் ‘சிக்னல் ப்ராசஸிங்’ என்று பாடம் சொல்லிக் கொடுக்கிறார்களே, அதன் சாரம் முழுவதும் அந்த மச்சானின் விரல் நுனியில் இருந்தது. வேண்டாத ஆட்டத்தைத் தள்ளிவிட்டு, வேண்டிய சேதியை மட்டும் எடுப்பது!

சரி, கயிறு எதற்கு? மேலிருந்து ஒரு குரல் கொடுத்தால் கேட்காதா? கேட்காது! காற்றில் பிறந்த சத்தம் தண்ணீரின் மேற்பரப்பில் மோதி அப்படியே திரும்பிவிடும். உள்ளே நுழைவது ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத ஒரு மதில் சுவர் காற்றுக்கும் நீருக்கும் நடுவே நிற்கிறது. கீழே இருப்பவன் கத்தினாலும் மேலே வராது. மேலே இருப்பவன் அலறினாலும் கீழே போகாது. இந்தச் சுவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரப்போகிற அதிசயங்களில் பாதி இந்தச் சுவரிலிருந்து பிறந்தவை!

சுவரைத் தாண்டித் தண்ணீருக்குள் போய்விட்டால் ஒலி என்ன பாய்ச்சல் பாய்கிறது தெரியுமா? வ.உ.சி. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் கடலுக்குள் சுமார் 4 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. ஒரு நுனியில் வெடித்த வெடியின் சத்தம் மறு நுனிக்குக் காற்று வழியாக வந்து சேர 12 நொடி ஆகும். தண்ணீர் வழியாக வந்தால் மூன்று நொடிகூட ஆகாது! காற்றில் நொடிக்கு 340 மீட்டர், கடலில் நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர். 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டாரே, அந்தத் தூரத்தை ஒலி தடங்கலில்லாமல் கடலுக்குள் ஓடினால் எவ்வளவு நேரம்? மூன்று நிமிடம்! ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் கொழும்பு!

தண்ணீருக்குள் ஒலியின் வேகத்தை முதன்முதலில் துல்லியமாக அளந்தவர்களின் கதை இன்னும் அழகு. 1826. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரி. இருட்டு. கொலாடன், ஸ்டர்ம் என்று இரண்டு பேர், 13 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு படகுகள். ஒரு படகின் அடியில் தண்ணீருக்குள் மணி அடிக்கும். அதே கணம் மேலே வெடிமருந்து பளிச்சென்று எரியும். எதிர்ப் படகில் இருப்பவர் வெளிச்சத்தைக் கண்டதும் கடிகாரத்தைத் தட்டி, நீருக்குள் இறக்கிய நீண்ட குழலில் காதை வைத்துக்கொண்டு காத்திருப்பார். ஒன்பதரை நொடிக்குள் மணியோசை வந்துவிட்டது. கணக்குப் போட்டால் நொடிக்கு 1,435 மீட்டர். இன்றைய கருவிகள் அந்தக் குளிர்ந்த ஏரிக்குச் சொல்லும் வேகத்துக்கும் இதற்கும் சில மீட்டர்தான் வித்தியாசம். ஒரு மணி, ஒரு குழல், ஒரு காது. அவ்வளவுதான்!

ஏன் ஒலியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும், வெளிச்சம் இல்லையா, ரேடியோ அலை இல்லையா என்று கேட்பீர்கள். 200 மீட்டர் ஆழம் போவதற்குள் சூரிய வெளிச்சம் ஏறக்குறைய செத்துப்போகிறது. ரேடியோவின் நிலை அதைவிட மோசம். பக்கத்துத் திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையத்தைப் பாருங்கள். மூழ்கிக் கிடக்கும் நீர்மூழ்கிகளுக்குச் சேதி அனுப்புவதற்காகவே, மிகமிகக் குறைந்த அதிர்வெண்ணில், வானளாவிய கோபுரங்களை நட்டு வைத்திருக்கிறது கடற்படை. அத்தனை பாடுபட்டும் அந்த அலை கடலுக்குள் சில பத்து மீட்டருக்கு மேல் இறங்காது. கடலுக்குள் தடையின்றிப் போய்வரும் உரிமை ஒலிக்கு மட்டும்தான்!

தூத்துக்குடித் தெரேஸ்புரத்திலிருந்து ஒரு விடியற்காலை ஃபைபர் படகில் போனேன். ஓட்டியவர் காலடியில் ஒரு சின்னத் திரை. பள்ளிப் பிள்ளையின் சிலேட்டு அளவுதான் இருக்கும். உப்புத் தண்ணீர் தெறிக்காமல் அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு ரப்பர் வளையத்தால் கட்டியிருந்தார். எல்லோரும் ‘எக்கோ’ என்றுதான் சொல்கிறார்கள்.

“இந்தா கீழ தடியா சிவப்புக் கோடு ஓடுதுல்லா, அதான் தரை. கோடு தடியா, பளிச்சுனு இருந்தா கல்லு. மங்கி மெலிஞ்சிருந்தா சேறு.”

கொஞ்ச நேரத்தில் அந்தக் கோடு திடீரென்று மேடேறியது. அவர் எஞ்சினைக் குறைத்தார். “பாரு வந்துட்டு.”

பார்! நம் ஊரில் கடலடிக் கல்மேட்டுக்குப் பெயர் அதுதான். முத்துச்சிப்பி ஒட்டி வளர்ந்ததும் பாரில்தான், மீன் மொய்ப்பதும் பாரில்தான். தொலாயிரம் பார், குடமுத்துப் பார்… பெயரைச் சொல்லும்போதே வாயில் முத்து உருள்கிறதல்லவா! அன்று அந்த மேட்டுக்கு மேலே திரையில் சின்னச் சின்னப் பிறை நிலாக்கள் தோன்றின. ஒவ்வொரு பிறையும் ஒரு மீன்! அது ஏன் பிறை வடிவம்? படகு நெருங்கும்போது மீனுக்கும் படகுக்கும் உள்ள தூரம் குறைகிறது, நேர் மேலே வரும்போது மிகக் குறைவு, தாண்டிப் போனதும் மறுபடி கூடுகிறது. தூரம் குறைந்து கூடுவதைத் திரை அப்படியே வரைந்தால் பிறைதானே வரும்? மீன் வளைந்திருக்கவில்லை, நேரம்தான் வளைந்திருக்கிறது!

பத்துப் பாகம் என்றால் 18 மீட்டர். படகின் அடியிலிருந்து கிளம்பிய ஒலி தரையைத் தொட்டுத் திரும்ப எடுக்கும் நேரம் ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 24 பங்கு. நீங்கள் ஒரு தடவை கண்ணிமைப்பதற்குள் அது நான்கைந்து முறை போய்வந்துவிடும். பாகம் என்ற அளவே இரண்டு கையையும் விரித்து ஈயக்குண்டு கட்டிய கயிற்றை அளந்ததில் வந்தது. ஒரு தடவை ஆழம் பார்க்கக் கயிற்றை விட்டு, இழுத்து, கை கையாக எண்ண வேண்டும். இப்போது நொடிக்குப் பத்துத் தடவை கடலுக்கு ஆழம் பார்க்கிறது அந்தச் சிலேட்டு!

மீனின் சதை கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரிதான். ஒலி அதற்குள் புகுந்து நிற்காமல் போய்விடும். அப்படியானால் திரையில் தெரிவது எது? மீன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை! நினைவிருக்கிறதா அந்த மதில் சுவர்? குளியாளியின் குரலை மேலே வரவிடாமல் தடுத்த அதே காற்று-நீர்ச் சுவர், மீனின் வயிற்றுக்குள் ஒரு சின்னப் பையாக உட்கார்ந்துகொண்டு ஒலியைத் திருப்பி அனுப்புகிறது. சாளையும் நெத்திலியும் காற்றுப்பை உள்ளவை. கூட்டமாக வந்தால் திரை பற்றி எரியும். நாம் விலை பேசிப் பேசி வாங்கும் சீலாவுக்கு, அதாவது வஞ்சிரத்துக்கு, காற்றுப்பை கிடையாது! ஆளுயரம் வளர்ந்தாலும் எக்கோவில் மங்கலாகத்தான் தெரியும். கடலில் ராஜா மாதிரித் திரியும் மீன், திரையில் நிழல் மாதிரிப் போகிறது.

இந்தச் சிலேட்டு வந்தபின் மீனுக்கு ஒளிய இடம் குறைந்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எந்தப் பாரில் எப்போது மீன் நிற்கும் என்பது தாத்தா பேரனுக்குச் சொல்லும் குடும்பச் சொத்தாக இருந்த காலம் போய், காசு கொடுத்தால் கடையில் கிடைக்கிறது. பார்களைக் காப்பாற்றுவதில் அதே அளவு வேகம் நமக்கு வேண்டும்.

துறைமுகத்துக்கு வாருங்கள். அங்கே ஒரே ஒரு ஒலிக்கற்றையோடு நிற்பதில்லை. விசிறி மாதிரி விரியும் நூற்றுக்கணக்கான கற்றைகள்! மல்டிபீம் என்பார்கள். படகு ஒரு கோடு போட்டு ஓடினால், கீழே கடலடியில் ஓர் அகலமான பட்டை முழுக்கப் படமாகிவிடும், நிலத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டே போவது போல. கப்பல் வரும் வழியில் மண் தூர்ந்திருக்கிறதா, எங்கே எவ்வளவு தோண்ட வேண்டும் என்பதெல்லாம் இந்தப் படம் சொல்லும். தூர்வாரும் கம்பெனியின் பில்லே இதில்தான் போடப்படுகிறது தெரியுமா! தோண்டுவதற்கு முன் ஒரு படம், தோண்டிய பின் ஒரு படம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அள்ளிய மண். ஒரு சென்டிமீட்டர் ஆழ வித்தியாசத்தைப் பிரித்தறிய, எதிரொலியின் வருகையை ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு நுட்பமாகக் கணிக்க வேண்டும். இந்தியக் கடற்படையில் 2024 பிப்ரவரியில் சேர்ந்த ஐ.என்.எஸ். சந்தாயக் என்ற கப்பலுக்கு வேலையே இப்படிக் கடலடியை அளந்து வரைபடம் தருவதுதான்.

சைடு ஸ்கேன் என்று இன்னொரு வகை உண்டு. படகின் பின்னால் மீன் வடிவக் கருவி ஒன்றைக் கயிற்றில் கட்டி இழுப்பார்கள். அது இரண்டு பக்கமும் சாய்வாக ஒலியைப் பாய்ச்சும். கீழே ஒரு நங்கூரமோ உடைந்த தோணியோ கிடந்தால், அதன் பின்னால் ஒலி படாத இடம் கறுப்பாக விழும். பொருளைவிட அந்த நிழலைத்தான் கூர்ந்து பார்ப்பார்கள். அந்தி வெயிலில் பனைமரத்தின் நிழலை வைத்து மரத்தின் உயரம் சொல்கிறோமே, அதே கணக்கு!

மன்னார் வளைகுடாத் தீவுகள் 21 என்று பாடத்தில் படித்திருப்போம். அவற்றில் விலங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. பல காலம் பவளப்பாறையை வெட்டி எடுத்ததற்குக் கடல் கேட்ட விலை அது. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவும் தேய்ந்து தேய்ந்து சிறுத்தது. அதைக் காக்கக் கடலடியில் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். மேலே நின்று பார்த்தால் வெறும் அலை. கீழே தீவு இன்னும் இருக்கிறதா, கரைகிறதா, மணல் சேர்கிறதா என்று சொல்ல ஒலிதான் வர வேண்டும்.

உப்பளத்துப் பக்கம் மத்தியானம் போனால் தூரத்தில் தண்ணீர் தளும்புவது போல் கானல் தெரியும். வெளிச்சம் சூடான காற்றிலிருந்து குளிர்ந்த காற்றுப் பக்கமாக வளைவதால் வரும் மயக்கம். கடலுக்குள் ஒலிக்கும் இதே கானல் உண்டு தெரியுமா! 1930-களில் கியூபா பக்கம் பயிற்சிக்குப் போன அமெரிக்கக் கடற்படைக்காரர்களுக்கு ஒரு புதிர். காலையில் நீர்மூழ்கியைச் சரியாகக் காட்டும் சோனார் என்ற ஒலிக்கருவி, மத்தியானம் ஆனால் கோட்டை விடுகிறது! ஆட்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்களோ என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். கடைசியில் குற்றவாளி வெயில்! மேல்தண்ணீர் சூடேறினால் அங்கே ஒலியின் வேகம் கூடும். வேகம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்தை நோக்கி ஒலி வளையும். ஆக, நேராகப் போக வேண்டிய ஒலி கீழ்நோக்கிக் குனிந்துவிடும். அதற்கு மேலே ஒரு நிழல் பிரதேசம். நீர்மூழ்கி அந்த நிழலில் ஒளிந்துகொள்ளும். தூத்துக்குடி வெயிலைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? இங்கே அளவெடுக்கப் போகிறவர்கள் தண்ணீரின் சூட்டையும் உப்பையும் அளக்காமல் ஆழத்தைச் சொன்னால் கணக்கு தப்பும்.

இன்னொன்று. குளியாளி தண்ணீருக்குள் படகு எஞ்சினின் சத்தத்தை நன்றாகக் கேட்பான். ஆனால் எந்தத் திசையிலிருந்து என்று சொல்லத் தெரியாது! காற்றில் ஒரு சத்தம் இடக்காதுக்கும் வலக்காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து மூளை திசை கண்டுபிடிக்கிறது. தண்ணீரில் ஒலி நான்கு மடங்குக்கு மேல் வேகம். அந்த வித்தியாசமும் நாலில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. மூளைக்குப் பிடிபடவில்லை. எல்லாச் சத்தமும் தலைக்குள்ளேயே கேட்பது போல் இருக்கும்.

கருவி என்ன செய்கிறது? இரண்டு காதுக்குப் பதிலாக வரிசையாக நூறு காது வைக்கிறது! கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஐம்பது பேர் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் வலை அசையாது. பாட்டுக்கு ஏற்ப ஒரே கணத்தில் இழுத்தால் கடலே கரைக்கு வரும். நூறு காதும் கேட்ட ஒலியைக் கணினி வாங்கி, முந்தி வந்ததைச் சற்றே தாமதித்து, பிந்தி வந்ததோடு ஒன்றாகச் சேர்த்துக் கூட்டுகிறது. அந்தத் திசையிலிருந்து வந்தது மட்டும் ஒரே கணத்தில் சேர்ந்து பெரிதாகும். மற்ற திசைச் சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஓயும். தாமதக் கணக்கை மாற்ற மாற்ற, கருவி கழுத்தைத் திருப்பாமலேயே திசை திசையாகப் பார்க்கிறது. கழுத்தே இல்லாமல்!

இரைச்சலிலிருந்து எதிரொலியைப் பிரிக்க இன்னொரு வித்தை. ‘டக்’ என்று ஒரு தட்டுத் தட்டி அனுப்பினால், திரும்பி வரும்போது அலைச் சத்தத்தில் அது கரைந்துவிடும். அதனால் கீழ் சுருதியிலிருந்து மேல் சுருதிக்கு வழுக்கிக்கொண்டு போகும் ஒரு நீண்ட ஒலியை அனுப்புகிறார்கள். நாகஸ்வரக்காரர் ஒரு கமகத்தை இழைத்து இழுப்பது போல. திருவிழாக் கூட்டத்தின் கூச்சலிலும் தெரிந்த ராகத்தின் ஒரு பிடி காதில் விழுந்தால் ‘தோடி!’ என்று சொல்லிவிடுகிறோமே! கருவிக்குத் தான் அனுப்பிய கமகம் மனப்பாடம். இரைச்சலின் மேல் அதை வைத்து வைத்துப் பொருத்திப் பார்க்கும். பொருந்தும் இடம் எதிரொலி வந்த கணம்! அதே ஒலியை நூறு முறை அனுப்பி நூறு பதிலையும் கூட்டினால், இரைச்சலுக்கு எதிரே சேதியின் பலம் பத்து மடங்காகும்.

சங்கைக் காதில் வைத்தால் கடல் கேட்கும் என்று குழந்தைகளிடம் சொல்கிறோம். அது கடல் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய ஆச்சரியம்! சுற்றிலும் எப்போதும் இருக்கும் மெல்லிய இரைச்சலில், தன் குழிவின் அளவுக்குப் பொருந்தும் சுருதிகளை மட்டும் சங்கு பெரிதாக்குகிறது, மற்றதை விட்டுவிடுகிறது. மின்சாரம் இல்லாத ஒரு வடிகட்டி! நம் குளியாளிகள் தலைமுறை தலைமுறையாகக் கடலடியிலிருந்து எடுத்து வந்தது ஒரு சிக்னல் ப்ராசஸிங் கருவியை!

ஒலியின் இந்த வரலாற்றில் திருச்சியில் 1888-ல் பிறந்த ஒருவரின் பெயர் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. சர் சி.வி.ராமன்! வெளிச்சத்துக்காக நோபல் வாங்கியவர், மிருதங்கத்தின் கரணை ஏன் இனிய நாதம் தருகிறது என்று 1920-லேயே எழுதியவர். 1935-36-ல் அவரும் நாகேந்திர நாத்தும் சேர்ந்து, காதுக்குக் கேட்காத மீயொலி ஓடும் திரவத்தில் வெளிச்சத்தை விட்டால் அது எப்படிப் பல கற்றைகளாகப் பிரியும் என்று கணக்கிட்டார்கள். ஒலி அலை, வெளிச்சத்துக்குச் சீப்புப் பல் மாதிரி ஆகிவிடுகிறது! ராமன்-நாத் கொள்கை என்று இன்றும் உலகம் முழுக்கப் படிக்கிறார்கள். ஒலியால் லேசரைத் திருப்பும் கருவிகளின் அடிப்படை அது.

கடலடி அமைதியானது என்று யார் சொன்னது? பவளப்பாறை உள்ள வெப்பக் கடலில் தலையை முக்கினால் காதில் விழுவது, எண்ணெயில் கடுகு வெடிக்கும் சத்தம்! விரல் நீளம்கூட இல்லாத ஒரு குட்டி இறாலின் வேலை அது. கொடுக்கைப் படாரென்று சொடுக்கும். தண்ணீர் பீறிட்ட வேகத்தில் ஒரு குமிழி பிறந்து உடனே நசுங்கும். சத்தம் கொடுக்கிலிருந்து இல்லை, அந்தக் குமிழி சாவதிலிருந்து வருகிறது என்று 2000-ல்தான் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருடம் இன்னொரு அதிர்ச்சி: குமிழி நசுங்கும் கணத்தில் ஒரு துளி வெளிச்சம், உள்ளே சூடு 5,000 டிகிரிக்கு மேல்! சூரியனின் மேற்பரப்புச் சூட்டை எட்டிப் பிடிக்கும் அளவு, ஓர் இறாலின் விரலிடுக்கில்! இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைக் கேட்டறிய முயன்றவர்களின் காதை அடைத்ததும் இந்த இறால்கள்தான்.

அந்தத் தொந்தரவையே விளக்காக மாற்றினால்? பகலில் நாம் யாரும் டார்ச் அடித்துப் பார்ப்பதில்லை. சூரிய வெளிச்சம் பொருள்மேல் பட்டுத் தெறிப்பதைப் பார்க்கிறோம். அதே மாதிரி, கடலில் ஏற்கெனவே நிறைந்திருக்கும் சத்தம் பொருள்கள்மேல் பட்டுத் தெறிப்பதைக் கேட்டுப் படம் எடுக்கலாம் என்று 1992-ல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் நிலையத்து பக்கிங்ஹாமும் கூட்டாளிகளும் காட்டினார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மந்தார் சித்ரேயின் குழு, துறைமுகத்து இறால்களின் சொடுக்கையே வெளிச்சமாக வைத்துத் தண்ணீருக்கடியில் பொருள்களைப் படம் பிடித்தது. ஒரு சத்தமும் போடாமல், இறால்களின் தயவில்! இறால் சத்தத்துக்கு நம் வளைகுடாவில் பஞ்சமா என்ன?

கர்ப்பிணியின் வயிற்றில் குளிரக் குளிர ஒரு ஜெல் தடவுகிறார்களே, எதற்கு? மறுபடி அதே சுவர்! கருவிக்கும் தோலுக்கும் நடுவே நூலிழை காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாது. ஜெல் அந்தக் காற்றை விரட்டுகிறது. உள்ளே நுழைந்தபின் ஒலியின் வேகம் நொடிக்கு 1,540 மீட்டர்; கடலின் வேகத்துக்குக் கிட்டத்தட்ட சமம், நாம் பெரும்பாலும் தண்ணீர்தானே! இந்த ஸ்கேனின் பிறப்பிடமும் ஒரு கப்பல் ஊர். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கொதிகலன் இரும்பில் விரிசல் தேடும் ஒலிக்கருவியை வைத்து, 1955-ல் அயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர் அறுத்தெடுத்த கட்டிகளைச் சோதித்துப் பார்த்தார். 1958-ல் உயிருள்ள வயிற்றின் படங்கள் வெளியாயின. தூத்துக்குடியில் ஒரு தாய் தன் பிள்ளையின் இதயத் துடிப்பைத் திரையில் பார்ப்பதும், அவள் கணவன் படகில் பார் வந்துவிட்டதைப் பார்ப்பதும் ஒரே வித்தை!

இந்த வித்தையை நமக்குக் கோடி வருடம் முன்பே கற்றவை ஓங்கில் என்னும் டால்பின்களும் திமிங்கிலங்களும். அவையே வழி தவறினால்? 2016 ஜனவரியில், பொங்கலுக்குச் சில நாள் முன்னால், மணப்பாடு கடற்கரையில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரையேறிக் கிடந்தன. மீனவர்கள் விடிய விடியப் படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துப் போய் விட்டார்கள். பல திரும்பவும் கரைக்கே வந்தன. நாற்பதுக்கும் மேல் இறந்தன. 1973 ஜனவரியிலும் இதே கரையோரம் 147 ஒதுங்கின. சரிவே தெரியாமல் மெல்ல மெல்ல மேடேறும் மணற்கரையில் எதிரொலி தெளிவாகத் திரும்பாது, அதனால் முன்னே கடல் இருப்பதாக எண்ணி வந்துவிடுகின்றன என்பது ஒரு விளக்கம். கூட்டத்தில் ஒன்று மாட்டிக்கொண்டு கத்தினால் மற்றவை விட்டுப் போகா என்பது இன்னொன்று. அந்த 1973 சம்பவத்தைப் பதிவு செய்த விஞ்ஞானிகளில் ஒருவர் கே.அழகர்சாமி. அதே வருடம் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை உருவாக்கியவரும் அவரே!

கரையைக் காக்கும் வேலையும் ஒலிக்கு உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு வங்கக் கடலின் ஆழத்தில் அழுத்தமானிகளை இறக்கியிருக்கிறார்கள். கடல்மட்டம் மேலே சில சென்டிமீட்டர் கூடினாலும் கீழே அவற்றுக்குத் தெரியும். அந்தச் சேதி கடலடியிலிருந்து மிதவைக்கு எப்படி ஏறுகிறது? கம்பி இல்லை, ஒலி! பல கிலோமீட்டர் ஒலியாக ஏறி, மிதவையிலிருந்து செயற்கைக்கோளுக்குப் போய், ஐதராபாத் எச்சரிக்கை மையத்துக்கு வருகிறது.

ஒலி எவ்வளவு தூரம் போகும்? 1960-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் அருகே கடலில் போட்ட வெடி, பூமியின் ஏறக்குறைய மறுபக்கத்தில், பெர்முடாவில் கேட்டது! சுமார் 20,000 கிலோமீட்டர், மூன்றே முக்கால் மணி நேரப் பயணம். சூட்டால் மேலேயும் அழுத்தத்தால் கீழேயும் வேகம் கூடிய தண்ணீர் இருக்க, நடுவே வேகம் குறைந்த ஓர் அடுக்கு. ஒலி அதற்குள் வாய்க்கால் தண்ணீர் போல் ஓடியது.

எனக்கு நெஞ்சை அடைத்த செய்தியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். கொற்கை முத்தைச் சங்கப் பாடல்கள் கொண்டாடின. காயலுக்கு வந்த மார்க்கோ போலோ, சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு முத்துக் கூலி என்று எழுதிவைத்தார். அவர்களைக் ‘கடல்கட்டி’ என்று அழைத்திருக்கிறோம். அத்தனை பெரிய கதை, 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்போடு நின்றுபோனது. பார்களில் சிப்பி முன்பு போல் வந்து ஒட்டவில்லை.

முட்டையிலிருந்து வந்த சிப்பிக் குஞ்சு சுமார் மூன்று வாரம் தண்ணீரில் மிதந்து அலையும். பிறகு ஓரிடத்தில் ஒட்டும். ஒட்டினால் பெரும்பாலும் அதுதான் வீடு. கண்ணுக்கே தெரியாத அந்தத் தூசி எப்படி இடம் தேர்கிறது? 2013-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆய்வாளர்கள் ஓட்டுச்சிப்பிப் பாரின் சத்தத்தைப் பதிவு செய்து குஞ்சுகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தச் சத்தம் கேட்ட இடத்தில் அதிகம் ஒட்டின! 2022-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தினர் கடலில் ஸ்பீக்கரை இறக்கி, அங்கத்திய ஓட்டுச்சிப்பிக் குஞ்சுகளை வரவழைத்தார்கள். இறால் சொடுக்கும் அந்தக் கடுகு வெடிப்பைக் கேட்டு, காதே இல்லாத ஒரு குஞ்சு, ‘இங்கே உயிர் இருக்கிறது’ என்று வந்து ஒட்டுகிறது!

நம் முத்துச்சிப்பி வேறு இனம். ஆனாலும் கேட்டுப் பார்க்க வேண்டாமா? மன்னார் வளைகுடாவில் இன்னும் உயிரோடிருக்கும் ஒரு நல்ல பாரின் சத்தத்தைப் பதிவு செய்து, தொலாயிரம் பாரில் ஒரு ஸ்பீக்கரைக் கயிற்றில் கட்டிப் பத்துப் பாகத்துக்கு இறக்கிப் பார்க்க வேண்டும். அதன் மேல் நுனியைப் பிடித்துக்கொள்ள நான் வருகிறேன்.